பெண்பிள்ளைகள் ஓடட்டும் என்றார் பெரியப்பா

கையில் மைக் கிடைத்துவிட்டால் யாருக்கும் தன் குரல் பிடித்துப்போகும். பத்தொன்பது வயதில் எனக்கு என் குரல் அளவுக்கு மீறிப் பிடித்திருந்தது. (இப்போது போனில் பேசினாலே "மெதுவா" என்கிறார்கள்.)

எழுபதுகளில் நடந்தது. தேனி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. எங்களுக்கு எல்லாமே மதுரைதான். வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருந்த என் பெரியப்பா சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். குடைச் சின்னம். மனுத் தாக்கல் செய்த பிறகுதான், கொள்கை என்று ஒன்று வேண்டும் என்பது அவருக்கு நினைவு வந்தது.

நான் கல்லூரியில் ஓட்டப்பந்தயக்காரி. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மைதானமே கிடையாது; கண்மாய்க் கரையில் ஓடிப் பழகியவள். அந்தக் கோபத்தில் ஒரு கொள்கையைத் தயாராக வைத்திருந்தேன். பையன்களுக்கு என்ன படிப்போ அதே படிப்பு பெண்களுக்கும் வேண்டும். பையன்கள் ஓடும் மைதானத்தில் பெண்களும் ஓட வேண்டும்.

பெரியப்பா யோசித்தார். "இத வேற எவனும் சொல்லலையே?"

"சொல்லலை பெரியப்பா."

"அப்ப நம்ம சொல்லுவோம்."

மேலே ஒரு குடையை விரித்துக் கட்டிய எங்கள் பிரசார ஜீப் பெரியகுளத்துக்குக் கிழக்கே ஒரு ஊருக்குள் நுழைந்ததும் மைக்கில் ஆரம்பித்தேன். "பெண்பிள்ளைகள் ஓட வேண்டுமா? குடைச் சின்னம். தடையில்லாமல் ஓட, தைரியமாக ஓட, குடைச் சின்னம்."

வழக்கமாகச் சின்னப் பிள்ளைகள்தான் ஜீப்புக்குப் பின்னால் வருவார்கள். அன்று பெரியவர்கள் வந்தார்கள். (குரல் வளம் என்று நினைத்துக்கொண்டேன்.) டீக்கடைக்கு முன்னால் மறித்தே விட்டார்கள்.

அந்த ஊர் மளிகைக்கடைக்காரர் மகள் அந்த வாரம்தான் ஒரு பஸ் கண்டக்டரோடு ஓடிப்போயிருந்தாள். எங்களுக்கு அது தெரியாது.

மளிகைக்கடைக்காரர் முன்னால் வந்தார். "பிள்ளைக ஓடுறதுக்கு நீங்கதான் ஆதரவா?"

பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஆமாய்யா. ஓடட்டும். ஓடுற பிள்ளைய வீட்டுக்குள்ள பூட்டி வைக்கலாமா? நானே மாலை போட்டுப் பரிசு குடுப்பேன்." பிறகு என்னைக் காட்டினார். "எங்க வீட்டுப் பிள்ளையே ஓடுன பிள்ளைதான். இந்தா நிக்கிது."

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் பதக்கம் வாங்குகிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

"எங்கன ஓடுன ஆத்தா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். குரலில் ஏன் அத்தனை வருத்தம் என்று புரியவில்லை.

"மதுரையில."

"யாரு கூட?"

"எட்டுப் பேரு கூட."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்ல சம்மதிச்சாகளா?"

"அப்பாதான் பஸ் ஏத்தி விட்டாக. ரெண்டாவதா வந்தேன்."

யாரும் கை தட்டவில்லை. நான் விவரமாகச் சொல்ல வாயெடுத்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்து ஜீப் கம்பியைப் பிடித்தார். மளிகைக்கடைக்காரர் மனைவி.

"மதுரையிலயா இருந்த தாயி? எங்க பிள்ளையப் பாத்தியா? கண்டக்டர் பையன் கூடப் போனவ. மஞ்சச் சேல கட்டியிருந்தா. சாப்புட்டாளான்னு மட்டும் சொல்லு."

அப்போதுதான் விளங்கியது. மைக்கை அணைக்க விரல் போகவில்லை. "நான் பாக்கலைம்மா," என்றேன். அது ஒலிபெருக்கி வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. அந்த அம்மா கம்பியை விட்டுவிட்டார். எங்கிருந்தோ ஒரு சாணி உருண்டை வந்து குடையில் விழுந்தது. டிரைவர் ஜீப்பைக் கிளப்பினார். பெரியப்பா மட்டும் கும்பிட்டபடியே நின்றார்.

போகும் வழியில், நடந்ததை அவருக்கு விளக்கினேன். குடையைத் துடைத்துக்கொண்டே, "ஓடுறதுக்குப் பதிலா தாண்டுறதுன்னு சொல்லுவமா?" என்று கேட்டார்.

"அதுவும் வேணாம் பெரியப்பா."

தேர்தலில் தோற்றோம். இன்றும் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "எட்டுப் பேரோட மதுரைக்கு ஓடுனவ" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார்கள். என் கணவர் உடனே, "நான் ஒம்பதாவது," என்பார்.

ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் வாக்குச்சாவடியில் மட்டும் குடைதான் முதலிடம். எந்த ஓட்டத்துக்கு அந்த ஓட்டு என்று பெரியப்பா சாகும்வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் தெரியவில்லை.