டெலக்ஸ் பாயும் செத்துப்போன சர் பெர்சியும்

எழுபதுகளில் வளைகுடா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியிருந்தாலும், எங்கள் டெலக்ஸ் பாயைப் போலக் குழப்பத்தை இவ்வளவு நிதானமாகப் பரப்பும் இன்னொரு மனிதர் கிடைத்திருக்க மாட்டார். கீழக்கரைக்காரர். ஷார்ஜாவில் இங்கிலாந்து முதலாளி ஒருவரின் பாய்லர் கம்பெனியில் அவர் டெலக்ஸ் ஆபரேட்டர், நான் டிராஃப்ட்ஸ்மேன். மெஷினில் அச்சாகி வந்த செய்தியைப் படித்து, அர்த்தத்தையும் அவரே சொல்லிவிடுவார். அந்த அர்த்தம் பெரும்பாலும் செய்தியில் இருக்காது.

முதலாளி சர் பெர்சி போன வருஷம் வந்தபோது பாயின் தோளில் கைபோட்டு, மகள் கல்யாணத்துக்கு லீவ் உண்டு என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு டெலக்ஸ்: "சர் பெர்சி திங்கட்கிழமை காலமானார். சர் பெர்சி வியாழக்கிழமை துபாய் வருகிறார்."

பாய் இரண்டு தடவை படித்தார். "மய்யித்து இங்கன வருது. மனுசன் ஷார்ஜாவுலதான் அடங்கணும்னு சொல்லியிருப்பாரு."

எங்களுக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. மானேஜருக்குத் தோன்றியது ஒன்றுதான். "லீவ் தர்றேன்னவர் போயிட்டார், பாய். கலாஸ், எல்லாம் முடிஞ்சது. சைட் வேலை முடியறவரைக்கும் யாருக்கும் லீவ் கிடையாது." பாய் அன்று சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை மீன் மார்க்கெட்டில் சடலத்துக்காக ஆறு ஐஸ் பார் வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு, கையில் கறுப்புப் பட்டையோடு விமான நிலையத்தில் நின்றோம். பூப்போட்ட சட்டையும் தோள்வரை முடியுமாக ஓர் இளைஞர் வந்து கைநீட்டினார். "நான்தான் சர் பெர்சி."

பாய் இரண்டடி பின்வாங்கினார்.

தாத்தா செய்த பாய்லர்களுக்காக ராஜா கொடுத்த பட்டமாம். தாத்தாவுக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் மூத்த மகன். பெயரும் தலைமுறை தலைமுறையாகப் பெர்சிதானாம். விளக்கி முடித்த இளைஞர், வேனில் எதற்கு ஐஸ் என்று கேட்டார்.

"வாப்பா பட்டம் மவனுக்கு வந்துருமா?" என்றார் பாய். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"ஆமாம்."

"அப்ப வாப்பா குடுத்த வாக்கும் மவனுக்குத்தான வரணும்?" சட்டைப் பையிலிருந்து லீவ் விண்ணப்பம் வெளியே வந்தது.

"நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே?" இளைஞர் திருதிருவென்று விழித்தார்.

"பாய்லரும்தான் நீங்க செய்யல. பட்டம் வரலையா?"

இளைஞர் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் ஐஸைப் பார்த்தார். உருகிக்கொண்டிருந்த ஐஸ் மேலேயே காகிதத்தை வைத்து, பாதி நனைந்த கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார் மூன்றாவது சர் பெர்சி.

பாய் இரண்டு மாதம் ஊரில் இருந்தார். அந்த இரண்டு மாதமும் வந்த டெலக்ஸ் ஒன்றும் எங்களுக்கு உருப்படியாகப் புரியவில்லை. அவர் இருந்தபோதும் புரிந்ததில்லைதான். ஆனால் அப்போதெல்லாம் ஏதோ ஓர் அர்த்தம் சொல்ல அவர் இருந்தார்; எனக்குப் பயமாக இருந்ததில்லை.