காத்திருப்போர் மரம்

மனிதகுலம் இதுவரை நடத்தியுள்ள கூட்டங்களிலேயே தலைசிறந்தது, எங்கள் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் நடந்தது. அதில் யார் யார் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்று வருங்காலம் கேட்கும். ஆகவே முறைப்படி பதிவு செய்கிறேன்.

மேசையின் தலைப்பக்கத்தில், சுழல் நாற்காலியில், இயக்குநர். அவர் தலையசைக்கும்போது தாமும் அசைக்க வசதியாக, வலப்பக்கம் துணை இயக்குநர். இடப்பக்கம், மடிக்கணினியும் வியர்வையுமாக, தரவுத்தளத்தைப் பராமரிப்பவர்; என் தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை. கதவோரம், ஏசியிலிருந்து நீர் சொட்டும் இடத்தில், கடிதப் பிரிவைச் சேர்ந்த நான். பதிவு மேசைக்கார அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. உட்காரச் சொல்வது யாருடைய பொறுப்பு என்பது முடிவாகவில்லை.

எதிர்ச்சுவர் முழுவதும் புதிய திரை. ஒருவர் கணினிக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை உள்ள காலத்துக்கு ‘செஷன்’ என்று பெயர். நோயாளியைச் சேர்ப்பவர், மருந்துச்சீட்டு அடிப்பவர், வீட்டுக்கு அனுப்பிவைப்பவர் என்று ஆளுக்கொரு செஷன். அத்தனையையும் இந்தத் திரை ‘நிகழ்நேரத்தில்’ காட்டும். முன்பெல்லாம் வேலை நடக்கவில்லை என்பது மாலையில்தான் தெரியவரும். இப்போது, நடக்காமல் இருக்கும்போதே கண்குளிரப் பார்க்கலாம்.

அன்று காலையிலிருந்தே அந்தக் காட்சி கிடைத்துக்கொண்டிருந்தது. கீழே வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. தலைமையகத்திலிருந்து உத்தரவும் வந்துவிட்டது: ‘தாமதத்துக்குக் காரணமானவரின் பெயரை மாலைக்குள் அனுப்புக. அவர் பணிநீக்கம் செய்யப்படுவார்.’

ஆக, ஒரு பெயர் வேண்டும். அதற்குத்தான் கூட்டம்.

மாப்பிள்ளை ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் மரம்போல ஒரு படம் விரிந்தது. உச்சியில், சிவப்புக் கட்டத்துக்குள், இயக்குநர் பெயர். அதன் கீழே கிளைகிளையாக மருந்தகம், ஆய்வகம், எக்ஸ்ரே, அறுவைப் பிரிவு. எல்லாவற்றுக்கும் அடியில், பதிவு மேசை.

இந்தப் படத்தின் பொருளை மாப்பிள்ளை மாடிப்படியிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். உச்சியில் இருப்பவர் எதையோ பிடித்து வைத்திருக்கிறார். கீழே இருப்பவர்கள், அவர் அதை விடமாட்டாரா என்று காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். இயக்குநர் காலையில் தம் பதவிப் பெயரைத் திருத்தலாம் என்று கணினியில் திறந்தவர், ‘தலைமை இயக்குநர்’ என்பதா, ‘முதன்மை இயக்குநர்’ என்பதா என்று முடிவாகாமல், பாதியில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். எங்கள் மருத்துவமனையில் எந்தச் சீட்டு அடித்தாலும் அடியில் அவர் பெயரும் பதவியும் அச்சாகியாக வேண்டும். பதவி முடிவாகும்வரை சீட்டு வராது. சீட்டு வராமல் நோயாளி உள்ளே போக முடியாது; குணமானவர் வெளியே போக முடியாது.

ஒரே தட்டலில் அந்தச் செஷனை முடித்துவிடும் அதிகாரம் மாப்பிள்ளைக்கு உண்டு. ஆனால் அவருடைய பதவி உயர்வுக் கோப்பு இயக்குநரின் மேசையில் இருந்தது. எனவே அந்த அதிகாரத்தை மிகுந்த பொறுப்புணர்வோடு பயன்படுத்தாமல் வைத்திருந்தார்.

இயக்குநர் படத்தை வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட! நம்ம நிர்வாக அமைப்பு அப்படியே இருக்கே!”

“அச்சு அசல் சார்,” என்றார் துணை இயக்குநர்.

“மெஷினுக்குக்கூட யாரு மேலன்னு தெரிஞ்சிருக்கு பாருங்க. எனக்கு மட்டும் ஏன் சிவப்பு?”

மாப்பிள்ளை மடிக்கணினியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். “அது... முக்கியமானவங்களுக்கு வர்ற நிறம் சார்.”

“மத்தவங்க?”

“உங்களுக்காகக் காத்திட்டிருக்காங்க சார்.”

“இருக்கணும்ல!”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஏசி நீரைப் பார்த்தேன். தங்கையின் முகம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, துணிந்து தொடங்கினார்.

“சார், உங்க ரூம் கம்ப்யூட்டர்ல திறந்திருக்கிற பக்கத்தை ஒரு தடவை மூடிட்டீங்கன்னா...”

“மூடினா?”

“இந்த மரமே கலைஞ்சிடும் சார்.”

“கலைஞ்சிடுமா! அப்புறம் எனக்குக் கீழ யாரு இருப்பா?”

“யாரும் இருக்க மாட்டாங்க சார். அவங்கவங்க வேலையை முடிச்சிட்டுப் போயிடுவாங்க.”

“ஆபீஸ் நேரத்துல போயிடுவாங்களா? என்னய்யா பேசறீங்க! யாரும் அதைத் தொடக்கூடாது. எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன்.

“சரி, இதுல ரொம்ப நேரமா சும்மா இருக்கிறது யாரு?”

“பதிவு மேசை சார்,” என்றார் மாப்பிள்ளை, குரல் தேய. “காலையில திறந்ததுலேர்ந்து.”

“கேட்டீங்களா? பேர் கிடைச்சாச்சு!”

அந்த அம்மாள் அப்போதுதான் வாய் திறந்தார். “சும்மா இருக்கேனா? பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சு போச்சு சார். கீழ நிக்கறவங்க என் குடும்பத்தையே இழுத்துத் திட்டறாங்க. வீட்டுக்காரர் முதுகு அடிபட்டுப் படுத்திருக்கார். என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. நான் அடியில கிடக்கேன்னா, மேல யாரோ அசையாம உக்காந்திருக்காங்கன்னுதானே அர்த்தம்?”

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். “பாருங்க, அந்தம்மாவுக்கே புரியுது. ஆனாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கே. நீங்க வெளிய நில்லுங்கம்மா.”

பிறகு என் பக்கம் நாற்காலியைச் சுழற்றிக் கடிதம் சொன்னார். அவர் சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் தட்டச்சு செய்தேன். தட்டச்சுப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

‘பொருள்: தாமதத்துக்குக் காரணமானவர் – பெயர் தெரிவித்தல்.

ஐயா,

இம்மருத்துவமனையில் என்னை மீறி எதுவும் நகராது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இன்று காலை முதல் அனைத்துப் பிரிவுகளும் எனக்குக் கீழே எவ்வாறு இயங்கிவருகின்றன என்பதற்கு இணைப்பில் உள்ள படமே சான்று. காரணமானவரின் பெயர்...’

“அந்தம்மா பேர் என்ன சார்?” என்று கேட்டேன்.

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் கூரையைப் பார்த்தார்.

“பேரெல்லாம் எதுக்கு? படத்துலதான் இருக்கே! ‘படத்தில் தெளிவாகக் காண்க’ன்னு போட்டு முடிங்க. தலைமையகத்துல படிச்சவங்க இருக்காங்க, புரிஞ்சுக்குவாங்க.”

“கண்டிப்பாப் புரிஞ்சுக்குவாங்க சார்,” என்றார் மாப்பிள்ளை. அன்று அந்த அறையில் அவர் தயங்காமல் சொன்ன முதல் உண்மை அது.

இயக்குநர் இரண்டு பிரதிகளிலும் வளைத்து வளைத்துக் கையெழுத்திட்டார். பதவி மட்டும் இன்னும் முடிவாகாததால் அந்த இடத்தைக் காலியாக விடச் சொன்னார்.

வெளியே அந்த அம்மாள் சுவரில் சாய்ந்திருந்தார். “அண்ணே, என் பேரை எழுதிட்டீங்களா?”

“அவருக்கு உங்க பேரு தெரியலம்மா.”

“தினமும் எழுந்து நின்னு வணக்கம் வெச்சேனே!”

“குனிஞ்சு வெச்சிருப்பீங்க. முகம் தெரிஞ்சிருக்காது. போய் மேசையில உக்காருங்க.”

கடிதத்தையும் மாப்பிள்ளை அச்செடுத்துத் தந்த படத்தையும் ஓரம் பிசகாமல் மடித்து உறைக்குள் வைத்தேன். குற்றவாளியின் பெயரைத் தம் கையெழுத்தோடும் படத்தோடும் கேட்ட அன்றே அனுப்பிவைக்கும் நேர்மை எத்தனை இயக்குநர்களுக்கு வரும்! பசை தடவி, விரலால் அழுத்தி, ‘அவசரம்’ என்று முத்திரை குத்தி, தலைமையகத்துக்குப் போகும் வண்டியில் கொடுத்தனுப்பினேன்.