கேஸ் நம்பர் இல்லாத டம்ளர்

“சார், இந்த டம்ளருக்குக் கேஸ் நம்பரே இல்லையே?”

அரசுத் தடய அறிவியல் ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கைரேகைப் பிரிவின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த உதவி நிபுணர், அரக்கு முத்திரை விட்டுப்போன அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கினாள். இந்த வாரம் ஓய்வு பெறப்போகும் மூத்த நிபுணர், எல்லாரும் ‘ரேகை சார்’ என்றே கூப்பிடுபவர், சட்டென்று பெட்டியை மூடப் பார்த்தார்.

“அதுவா? ஒரு பழைய திருட்டும்மா.”

“எங்க நடந்தது?”

“கோர்ட்ல.”

பொய் சொல்லி வழக்கமில்லாதவர், உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

“கோர்ட்லயே திருட்டா? ஆள் பிடிபட்டானா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள பிடிச்சுடலாம் சார்.”

“ரேகையெல்லாம் எப்பவோ அழிஞ்சிருக்கும், விடும்மா” என்று அவர் சொன்னது இன்னும் வம்பாயிற்று. அழிந்ததா இல்லையா என்று பார்த்துவிட, அவள் பவுடரும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேவிட்டாள். இரண்டு பேருடைய ரேகைகள் பளிச்சென்று எழுந்தன. ஒன்றை ஊழியர்களின் பதிவோடு ஒப்பிட்டவள் முகம் மாறிவிட்டது.

“சார், இது உங்க கட்டைவிரல்.”

கையுறை இல்லாமல் தடயத்தைத் தொட்டவர்களை ஓட ஓட விரட்டியவர் அவர். “உன் ரேகை கலந்துச்சுன்னா திருடன் வெளிய வருவான், நிரபராதி உள்ள போவான்” என்பது அவருடைய தினசரிப் பாட்டு. அந்தப் பாட்டையே திருப்பிச் சொல்லிவிட்டு, அவள் இயக்குநரிடம் போய்விட்டாள். தடயத்தை ஒளித்தார் என்று விசாரணை வந்தால், ஓய்வாவது ஒன்றாவது.

“என்னய்யா இது? உள்ளதைச் சொல்லிடுங்க” என்றார் இயக்குநர்.

ரேகை சார் சொன்னார். வேலையில் சேர்ந்த புதிதில், முதல் சாட்சியம். பூட்டை உடைத்ததாகப் பிடிபட்ட கடைக் காவலாளி எதிர்க்கூண்டில் கைகட்டி நின்றிருந்தான். பூட்டில் இருப்பது அவன் ரேகை இல்லை என்று இவர் சொன்னால்தான் அவன் வீட்டுக்குப் போக முடியும். இவருக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அப்போது டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எழுந்துவந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். குடித்தார், பேசினார், காவலாளி விடுதலையானான். கோர்ட் கலைந்ததும், மேசைமேல் இருந்த டம்ளரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

“அந்தப் பொண்ணு?”

“வீட்டுல இருக்கா சார். அவளைத்தான் கட்டிக்கிட்டேன். அதுல இருக்கற இன்னொரு ரேகை அவளோடது. மனசு சரியில்லாதப்போ எல்லாம் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்குவேன்.”

இயக்குநர் திட்டியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். அவர் கண்கலங்கிவிட்டார்.

“பிரிவுபசார விழாவுல வீட்டம்மாவை மேடையேத்தறோம். எல்லார் முன்னாடியும் ரேகையை ஒத்துப் பார்க்கறோம்.”

அப்படியே நடந்தது. மனைவி கூச்சத்தோடு விரல்களை மையில் ஒற்றி எடுத்தாள். இரண்டு ரேகைகளும் திரையில் பெரிதாகத் தெரிந்தன. உதவி நிபுணர் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“சார், பொருந்தல.”

கைதட்டத் தயாரான கைகள் அந்தரத்தில் நின்றன. “அப்ப எந்தப் பொண்ணோட விரல் இது?” என்று பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தது மேடைவரை கேட்டது.

ரேகை சார் தானே லென்ஸை வாங்கிப் பார்த்தார். சந்தேகத்துக்கே இடமில்லை. அத்தனை வருடம் யாரோ முன்பின் தெரியாத விரலிடம் போய் ஆறுதல் தேடியிருக்கிறார். மனைவியை நிமிர்ந்து பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவளோ மையைத் துடைத்துக்கொண்டே டம்ளரை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“இது ஜட்ஜ் ஐயா குடிச்சதுங்க. உங்க டம்ளரை, நீங்க கூண்டை விட்டு இறங்கறதுக்குள்ளயே நான் திருடிட்டேன்.”