திண்டிவனத்தில் கலைந்த மௌனம்

எனக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் நன்றாக வரும். நன்றாக என்றால் பிழையில்லாமல் என்று அர்த்தமில்லை, நிற்காமல் வரும். இந்த உண்மை எனக்கே தெரியவந்தது, திண்டிவனத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில், ஓடுகிற பஸ்ஸில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் நினைத்தால் காது மடல் சுடுகிறது. (அதெல்லாம் ஆறிப்போச்சு என்று என் வீட்டுக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பி.ஏ. தபாலில் படித்தது. பேச்சு மட்டும் யாரும் சொல்லித் தராமல் வந்தது. சென்னையில் ஒரு கால் சென்டர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் செய்துவிட்டு நேர்முகத்துக்குப் போனேன். தமிழில் ஊரையே விற்கிற வாய், அங்கே ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. "பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தடவை வாங்க. அதுக்குள்ள யார்கிட்டயாவது பேசிப் பழகுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பா கெடு வைத்தார். "இதான் கடைசி. கெடைக்கலைன்னா ஆவணியில மாப்ள பாக்க ஆரம்பிச்சுடுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு நிக்கக் கூடாது."

ஆங்கிலம் பேச எங்கள் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? கிரிவலம் போகிற மலையைச் சுற்றி எந்தத் தெருவில் திரும்பினாலும், ஆசிரமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர் இளநீர் குடித்துக்கொண்டிருப்பார். தூரத்துச் சொந்தமான சேகர் மாமா செங்கம் ரோட்டில் டிராவல்ஸ் வைத்திருந்தார். அவர்தான் வழி சொன்னார்.

"ஏழு பேரு, எல்லாம் வெள்ளைக்காரங்க. முதுகுல பைய மாட்டிக்கினு பஸ்லயே அஞ்சு நாள் சுத்தறாங்க. செஞ்சி, பாண்டிச்சேரி, தரங்கம்பாடி, சிதம்பரம். ஒரு எடம் காலியா இருக்குது. போயிட்டு வா, தமிழே மறந்துடுவ."

குழுத் தலைவி இங்க்ரிட்டைத் தன் கடையிலேயே அறிமுகம் செய்துவைத்தார். அந்த அம்மா அரை மணி நேரம் வாய் ஓயாமல் பேசினார். அவர் வளர்க்கும் பூனையின் அஜீரணம் வரைக்கும் எனக்குச் சொல்லியாகிவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

வீட்டில் மூன்று நாள் சண்டை. அதுவரை நான் தனியாகப் போன ஜாஸ்தி தூரம் கீழ்பென்னாத்தூர், அத்தை வீடு. கடைசியில் அம்மாதான், "அவளுக்கு வாய் இருக்குது, பொழச்சுக்குவா, வுடு" என்று முடித்துவைத்தாள். தம்பியின் என்.சி.சி. பையில் துணி, ஊறுகாய், நூறு ஆங்கிலக் கேள்விகள் எழுதிய நோட்டு. முதல் கேள்வி: உங்கள் ஊரில் மழைக்காலம் எப்போது?

காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையம். தனியாகப் போகிற என்னை வழியனுப்ப ஐந்து பேர் வந்திருந்தார்கள். இங்க்ரிட் புன்னகையோடு என் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார். ஏழு பேர் கழுத்திலும் அதே அட்டை. கோயில் டூர் வேனில் ஆளுக்கொரு அட்டை தருவார்களே, அந்த மாதிரி என்று நினைத்து, கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். பஸ் கிளம்பிய பிறகுதான் படித்தேன். 'நான் மௌனத்தில் இருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

"அஞ்சு நாளுமா?" என்று பதறினேன். இங்க்ரிட் உதட்டில் விரலை வைத்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

நான் அந்த ஊர்க்காரி. மௌன அட்டை மாட்டியவர்களைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவ்வளவு பேசிய நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதா? கீழ்பென்னாத்தூர் வந்ததும் இறங்கிவிட எழுந்தேன். ஆவணி மாதம் கண் முன்னால் வந்து நின்றது. உட்கார்ந்துவிட்டேன்.

செஞ்சிக் கோட்டையில் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்ததும், இங்க்ரிட்டின் கணவர் பீட்டரிடம் ரகசியமாக மழைக்காலக் கேள்வியை விட்டேன். அவர் ஒரு குட்டி நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். 'காற்றைக் கேள்.'

காற்று! அது எங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே ஓசியில் அடிக்கிறதே, அதற்கா மூட்டையைச் சுமந்துகொண்டு இத்தனை படி ஏறினேன்? அன்று முழுக்க அவர்கள் காற்றைக் கேட்டார்கள். நான் என் பல் நறநறப்பதைக் கேட்டேன்.

மறுநாள் பாண்டிச்சேரி பஸ். திண்டிவனத்தில் ஐந்து நிமிஷம் நின்றது. பீட்டர் டீ குடிக்க இறங்கினார். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பீட்டர் டீ கிளாசோடு நிற்கிறார். கத்தவில்லை. ஓடி வரவில்லை. கிளாசை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து, போகிற பஸ்ஸுக்கு வணக்கம் வைக்கிறார்!

கட்டிய மனைவி இங்க்ரிட்டும் பார்த்துவிட்டார். பதறாமல் நோட்டைத் திறந்தார். எழுதினார். கிழித்தார். அந்தத் தாள் ஐந்து கை மாறி என்னிடம் வந்தது. 'என் கணவர் இந்தப் பேருந்தில் இல்லை.' அழகான கையெழுத்து. முற்றுப்புள்ளி வேறு வைத்திருந்தார்.

"கண்டக்டரண்ணே! நிறுத்துங்க! ஆளு ஏறல!"

பஸ் குலுங்கி நின்றது. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, உனக்குப் பேச்சு வருமா? பேச்சு வராதவங்கனு நெனச்சு இம்மாம் நேரம் கையிலயே பேசிக்கினு கெடந்தேனே! இத்தினி பேரு வாயிலயும் இன்னா கொழுக்கட்டையா?"

பீட்டர் கிளாசோடு ஏறினார். டீக்கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்து கிளாசைப் பிடுங்கிக்கொண்டு போனார். இங்க்ரிட் மறுபடி எழுத ஆரம்பித்தார். நன்றிக் கடிதம் என்று நினைத்தேன். வந்தது தீர்ப்பு. 'நீங்கள் குழுவின் மௌனத்தைக் கலைத்துவிட்டீர்கள். பாண்டிச்சேரியில் பிரிந்துவிடுவோம்.' கீழே ஏழு கையெழுத்து. ஏழாவது கையெழுத்து பீட்டருடையது. நான் கத்தியிராவிட்டால் திண்டிவனத்திலேயே காற்றைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய மனுஷன்!

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. அட்டையைக் கழற்றி இங்க்ரிட்டின் மடியில் போட்டேன். எழுந்து நின்றேன். திறந்த வாயை பாண்டிச்சேரி வரை மூடவில்லை. எல்லாம் ஆங்கிலம். நூறு கேள்வியையும் கேட்டேன். அவர்களால் பதில் சொல்ல முடியாததால் பதிலையும் நானே சொன்னேன். உங்கள் ஊரில் மழைக்காலம் எப்போது? எப்போதாக இருந்தால் எனக்கென்ன! மனுஷன் தொலைந்தாலும் திறக்காத வாய் மழை பெய்தால் திறக்குமா? பூனைக்கு அஜீரணம் என்றால் அரை மணி நேரம் பேசுவீர்கள், புருஷனுக்கு ஒரு வரியா?

அந்தப் பஸ்ஸில் ஒருவருக்கும் பாதி புரிந்திருக்காது. ஆனால் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "வுடாதம்மா, நல்லா கேளு!" என்று ஏற்றிவிட்டுக்கொண்டே வந்தார். கண்டக்டர் டிக்கெட் போடுவதையே மறந்தார். இறங்கும்போது, "ஒனக்கு எந்த ஆபீசுல வேலை?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாண்டிச்சேரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து சேகர் மாமாவைப் பிடித்தேன். "மௌனம்னு ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ போயிருப்பியா?" என்றார். போனை வைத்துவிட்டார்.

நேர்முகத்துக்குப் போனேன். சமீபத்தில் செய்த ஒரு பயணத்தைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுங்கள் என்றார்கள். வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா? பன்னிரண்டு நிமிஷம் பேசினேன். நடுவில் மேஜையை இரண்டு தடவை தட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். அந்த அதிகாரி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "உங்க ஆங்கிலத்துல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா எங்க வேலையில கஸ்டமர்தான் கத்துவாங்க. நாம கேட்டுக்கணும்." கேட்டுக்கொள்வது! அங்கே காற்றை, இங்கே கஸ்டமரை!

அப்பா சொன்னபடியே ஆவணியில் போளூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பொண்ணு எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அப்பா ஒரு நொடி யோசித்தார். பிறகு, "ரொம்ப அமைதிங்க. வெள்ளைக்காரங்களோட சேந்து அஞ்சு நாள் மௌன விரதம்லாம் இருந்திருக்கா" என்றார். தட்டோடு நின்ற நான் அப்பாவை முறைத்தேன். தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டான்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிடுவார். "மௌன விரதம் இருந்த பொண்ணுனு சொல்லித்தாங்க என் தலையில கட்டிட்டாங்க." வந்தவர்கள் சிரிப்பார்கள். என் பிள்ளைகள் ஜாஸ்தி சிரிப்பார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்.

"அது அஞ்சு நாள் இல்ல, ஒன்றரை நாள்தான்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். பொண்ணு பாக்க வந்தீங்களே, யாராவது என்னைப் பேச வுட்டீங்களா?"