எங்கள் தெருக் குழி மருந்தான வரலாறு

எங்கள் தெருவின் நடுவில் ஒரு குழி இருந்தது. சுவருக்குச் சுவர் அகலம். ஜீப் மட்டும் தட்டுத் தடுமாறி இறங்கி ஏறும். ஆட்டோக்காரர்கள் விளிம்பு வரை வந்து, "இதுக்கு மேல நடந்துக்குங்க" என்று இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

குழிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் சாலைப் பராமரிப்பு அலுவலக மேற்பார்வையாளர். அவர் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி.

"பிரசவத்துக்குள்ள இதை மூடிடுங்க. வலியோட என்னால குழியில இறங்கி ஏற முடியாது."

"கவலைப்படாதேம்மா. ஆய்வு செஞ்சு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

போட்டிருப்பார். நல்ல மனுஷன். ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் அலுவலக இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். மாநாட்டுக்குப் போனவர்கள் சும்மா திரும்புவதில்லை. மறுநாளே சுற்றறிக்கை வந்தது: "சாலை ஆய்வு இனி வி.ஆர். கண்ணாடி அணிந்து, வீடியோ கேம் வடிவில், இருக்கையில் இருந்தவாறே மேற்கொள்ளப்படும். விளையாட்டின் எல்லாக் கட்டங்களையும் முடித்தவரே குழிகளை மூட உத்தரவிடத் தகுதியுடையவர் ஆவார்."

மேற்பார்வையாளர் கண்ணாடியை மாட்டினார். உள்ளே சாலை வழவழவென்று ஓடியது. முதல் வளைவில் தலை சுற்றியது. அடுத்த வளைவில் வயிறு புரண்டது. அதற்கடுத்த வளைவை அவர் கோப்புத் தட்டில் வாந்தியாக எடுத்தார்.

"எலுமிச்சம்பழத்தை மோந்து பாருங்க சார்" என்றார் தட்டச்சர் அம்மா. மோந்தார். எலுமிச்சை மணத்தோடு தலை சுற்றியது. மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்தார்கள். காற்று வீசியதும் வண்டி இன்னும் வேகமாகப் போவதாகத் தோன்றி, நாற்காலியிலிருந்து விழுந்தார்.

மருத்துவ விடுப்புக்குக் கணக்கு அதிகாரியிடம் போனார்.

"என்ன நோய்?"

"பயண மயக்கம் சார்."

"எங்கே பயணம் போனீங்க?"

"எங்கேயும் போகலை. நாற்காலியிலதான் இருந்தேன்."

"பயணமே இல்லாம பயண மயக்கமா?"

"கண்ணு மட்டும் போச்சு சார்."

"அனுமதி இல்லாம போச்சா? அலுவலக நேரத்துலயா?"

விடுப்புக் கிடைக்கவில்லை. கண்கள் முன் அனுமதியின்றி வெளியூர் சென்றதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணைதான் கிடைத்தது.

கடைசியில் இயக்குநரே அலுவலக மருத்துவரை வரவழைத்தார். மருத்துவர் எளிமையாகவே சொன்னார்: "கண்ணு ஓடுது, உடம்பு உட்கார்ந்திருக்கு. ரெண்டுக்கும் ஒத்துப்போகலை. விளையாட்டை நிறுத்திட்டா சரியாயிடும்."

"விளையாட்டை நிறுத்த முடியாது. உடம்பை ஓட்டுங்க" என்றார் இயக்குநர்.

மேற்பார்வையாளரின் நாற்காலியை ஜீப்பில் வைத்துக் கட்டினார்கள். அவர் கண்ணாடி மாட்டி விளையாட, ஓட்டுநர் ஊரைச் சுற்றினார்.

"சார், உங்க தெருக் குழி வருது. கெட்டியா பிடிச்சுக்குங்க!"

"குழியா? ரோடு வெண்ணெய் மாதிரி இருக்கு. நீ ஓட்டுய்யா!"

ஜீப் குழியில் இறங்கி ஏறிய குலுக்கலில் மயக்கம் இருந்த இடம் தெரியாமல் போனது. அன்றைக்கே எல்லாக் கட்டங்களையும் முடித்துவிட்டார். செய்தி பரவி, தலை சுற்றிய அதிகாரிகள் எல்லாம் ஜீப் ஏறினார்கள். எந்த ஊழியரும் குழியையே பார்க்காத சாதனையை அலுவலகம் எட்டியது.

தகுதி பெற்ற மேற்பார்வையாளர் ஓடோடிப் போய், எங்கள் தெருக் குழியை மூடும் உத்தரவை இயக்குநரிடம் நீட்டினார். இயக்குநர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க மயக்கம் தெளிஞ்சது இந்தக் குழியிலதானே?"

"ஆமா சார்."

"அப்போ இது மருத்துவச் சாதனம். சக ஊழியர்களோட மருந்தைப் பிடுங்கலாமா?"

"என் மனைவி எப்படி சார் தாண்டுவா?"

இயக்குநருக்கு மனம் இளகிவிட்டது. மேசையைத் திறந்து ஒரு புதுக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். "இதை மாட்டிவிடுங்க. குழியே தெரியாது."

மறுநாள் எங்கள் தெருவில் பலகை நட்டார்கள்: "ஊழியர் நலக் குழி. மண் கொட்டுவோர் தண்டிக்கப்படுவர்." கேட்கவே வயிறெரிந்தது. தெருவே கூடி அலுவலகத்தைத் திட்டித் தீர்த்தோம். மண் கொட்டத்தான் யாரும் போகவில்லை.

ஒரு மத்தியானம் அந்த அம்மாவுக்கு வலி எடுத்தது. ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது கணக்கு அதிகாரியோடு ஆய்வில் இருந்தது. ஆட்டோ வந்து, வழக்கம்போல விளிம்பில் நின்றது. மேற்பார்வையாளர் கண்ணாடியை நீட்டினார்.

"மாட்டிக்கோம்மா. ரோடு நல்லா இருக்கும்."

அந்த அம்மா கண்ணாடியை வாங்கினார். கணவரை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியைக் குழிக்குள்ளே வீசி எறிந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

சும்மா சொல்லக் கூடாது, எங்கள் தெரு ஈரமுள்ள தெரு. அடுத்த நொடியே, வேடிக்கை பார்த்து நின்ற அத்தனை பேரும் குழிக்குள் குதித்தோம். தள்ளுமுள்ளில் ஒருவர் பல் உடைந்தது. கண்ணாடி என் கைக்குத்தான் கிடைத்தது.

மாட்டிப் பார்த்தேன். அருமையான சாலை, ஒரு சிறு கல்கூட இல்லை. அந்த அம்மா எப்படிக் கரையேறினார் என்று பிறகு பலரும் விசாரித்தார்கள். பக்கத்தில் இருந்தவன் நான்தான், ஆனால் நான் எதையும் பார்க்கவில்லை.