சம்பந்திக்குக் கிடைக்காத துண்டு

புதூர்நாடு,
ஞாயிறு காலை.

அன்புள்ள மச்சான் அருணகிரி அவர்களுக்கு, கோபால்சாமி வணக்கத்துடன் எழுதுவது. போளூரில் நீங்களும் கோகிலவாணியும் குழந்தைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை பாஞ்சாலை சுகம். எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன்.

எல்லாம் உங்கள் மருமகள் கல்பனாவால் வந்த வினை. பத்தாம் வகுப்புப் பிள்ளை பாடத்தைப் படிக்க வேண்டியதுதானே? போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நர்ஸம்மா வந்து தோல் நோய் பற்றிப் பேசினாராம். பருவைக் கிள்ளாதே, ஈரத்துணியை உடுத்தாதே, கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசாதே, ஒருவர் துண்டை இன்னொருவர் தொடாதே! அன்றிலிருந்து வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். நாலு பேருக்கும் பொதுவாக ஆணியில் தொங்கிய துண்டை என் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கொன்று பெயர் தைத்து வெயிலில் காயப்போடுகிறாள். என் இடுப்பில் இருப்பது படர்தாமரையாம். "ரெண்டு வருசமா டியூப் தடவுறேன், போய்டும்மா" என்றால், "கண்டதத் தடவுறதாலதாம்பா போகல" என்கிறாள்.

அது வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. நம் மூத்த பிள்ளை ரமேஷுக்குப் பெண் கொடுக்கிற லட்சுமணன் நேற்றுக் கல்யாணத் தேதி பேச வந்தார். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் திருப்தியாகச் சாப்பிட்டுக் கை கழுவினார். நான் மரியாதையாகத் தோளில் கிடந்த துண்டை நீட்டினேன். அவர் விரல் படுவதற்குள் இவள் பாய்ந்து பிடுங்கி, "மாமா, தொடாதீங்க! அது அப்பா துண்டு, படர்தாமரை ஒட்டிக்கும்!" என்று கத்திவிட்டாள். சம்பந்திக்கு நீட்டிய துண்டைப் பிடுங்குவதும் சம்பந்தமே வேண்டாம் என்பதும் ஒன்றுதானே மச்சான்? மனிதர் முகம் கறுத்து, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தேதி பேசாமலே ஜீப் ஏறிவிட்டார். ரமேஷ் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் உடனே வந்து லட்சுமணனைச் சமாதானப்படுத்தி, கல்பனாவையும் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போக வேண்டும்.

குழந்தைகளுக்கு என் ஆசி. முருகன் உங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபால்சாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துவிடுங்கள். கடிதத்தை மடிக்கும்போதே லட்சுமணன் வந்து நின்றார். என்னை விட்டுவிட்டு நேரே கல்பனாவிடம் போய், "பாப்பா, எனக்கும் ஒரு வருசமா இடுப்புல அரிக்குது. நேத்து நீ கத்துனதும் வெக்கமாப் போய்டுச்சு. அந்த நர்ஸம்மா எந்த டாக்டரைப் பாக்கச் சொன்னாங்க?" என்றார். நாளை எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாளாம். கல்யாணத் தேதி, சம்பந்திகளுக்கு அரிப்பு நின்ற பிறகுதானாம். ரமேஷ் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கினான். மச்சான், ஆடியில் வந்தபோது என் துண்டைத்தானே போர்த்திக்கொண்டு தூங்கினீர்கள்? அரிக்கிறதா? கூச்சப்படாமல் வாருங்கள். துண்டு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.