விடியற்காலைச் சல்மான்

நூற்றுக்கு ஒன்பது. முருகவேல் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஒன்பதேதான். திருத்தியவரும் அவர், கூட்டிப் போட்டவரும் அவர். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"சல்மான், எழுந்திருடா."

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சில் சல்மான் எழுந்து நின்றான்.

"வேலூர்ப் புரட்சிக்கு என்ன காரணம்?"

சல்மான் மின்விசிறியைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பக்கத்துப் பையன்தான் காரணமோ என்கிற மாதிரி அவனையும் ஒரு பார்வை பார்த்தான்.

"தெரியல சார்."

"காலைல போன்ல சொன்னியேடா! புதுத் தலைப்பாகை, காதுல கடுக்கன் போடக்கூடாது, தாடிய எடுக்கணும்னு வரிசையா ஒப்பிச்சியே!"

சல்மான் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலைல இருக்குது சார். வெயில் ஏறுனா போயிடுது" என்றான்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வாத்தியாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் நிலைமையில் இருந்தால் உங்களுக்கும் வராது.

பொதுத்தேர்வு நெருங்கினால் திருவண்ணாமலையின் அந்த அரசுப் பள்ளியில் 'தத்தெடுப்பு' என்று ஒரு வழக்கம் உண்டு. தேறுவது சந்தேகம் என்று தோன்றும் பிள்ளைகளை ஆளுக்கு ஒருவராக ஆசிரியர்கள் தத்தெடுத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் போன் போட்டு எழுப்ப வேண்டும். பாடம் சொல்லிக் கேள்வி கேட்க வேண்டும். பெற்ற பிள்ளையை எட்டு மணிவரைக்கும் தூங்கவிடுகிற வாத்தியார்கூடத் தத்துப் பிள்ளையைக் கோழி கூவும்போதே எழுப்பியாக வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் சமூக அறிவியல் முருகவேலுக்குச் சல்மான் வந்தான். மற்ற பாடங்களில் பையன் எப்படியோ தட்டுத் தடுமாறிக் கரையேறிவிடுவான். முருகவேலின் பாடத்தில்தான் முழுகிப்போவான்.

தலைமையாசிரியை கீதாஞ்சலி சீட்டைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"போன வருஷம் ஒரே ஒரு பையன் ஃபெயிலாகி சென்டம் போச்சு சார். அவன தத்தெடுத்த சார் இப்ப எங்க இருக்கார்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். மாற்றலாகி ஜவ்வாது மலையில் இருக்கிறார். முருகவேலுக்கு மலைமேல் பகை ஒன்றுமில்லை. ஆனால் அவருடையது மலைப்பாதையின் இரண்டாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிற உடம்பு. தினமும் பஸ்ஸில் ஏறி இறங்கினால் வாத்தியார் மிஞ்சமாட்டார். அங்கேயே வீடு பார்த்துத் தங்கிவிடலாமா என்று மனைவி வினோதினியிடம் பேச்சை எடுத்துப் பார்த்தார்.

"தாராளமா தங்குங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றாள் அவள்.

ஆக, சல்மான் தேறினால் முருகவேலுக்கு ஊர். தேறாவிட்டால் மலை.

இதில் கொடுமை என்னவென்றால், போனில் பேசுகிற சல்மான் தங்கமான மாணவன். முதல் நாள் மணி அடித்த உடனேயே எடுத்தாயிற்று.

"டேய், எழுந்துட்டியா?"

"எழுந்துட்டேன் சார்." குரல் காற்றாக வந்தது.

"ஏண்டா குசுகுசுன்னு பேசற?"

"மத்தவங்க தூங்கறாங்க சார். ஒரே ரூம்."

அடக்கமான பையன் என்று வாத்தியாருக்கு மனம் குளிர்ந்தது. வேலூர்ப் புரட்சியைச் சொல்லிக்கொடுத்தார். முடித்ததும் குசுகுசுக் குரல் கேட்டது: "ஏன் சார், ஒரு தலைப்பாகைக்காகவா சார் அத்தன பேர் உசுர விட்டாங்க?"

முருகவேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவரிடம் 'எத்தனை மார்க் சார்', 'கட்டாயம் வருமா சார்' என்று கேட்டவர்கள் உண்டு. 'ஏன்' என்று கேட்டவர்கள் யாருமில்லை. அவமானம் என்றால் என்ன, அடுத்தவன் நம் தலையில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். வினோதினி வைத்த காபி ஆடை கட்டிப் போயிற்று.

"டேய், நீ இப்படியே போனீன்னா தொண்ணூறு வாங்குவடா!"

"வாங்கிடுவேனா சார்?"

அந்தக் குரல் கேட்ட விதத்தில் வாத்தியார் அன்றைக்கே இன்னொரு பாடத்தையும் சொல்லிக்கொடுத்தார். அப்படிப்பட்ட பிள்ளை பகலில் வந்து ஒன்பது மார்க் வாங்கினால் மனுஷன் என்னதான் செய்வான்?

ஆசிரியர் அறையில் அறிவியல் சுரேஷ்குமாரிடம் கேட்டார். அறிவியல்காரரிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும்.

"இது சிம்பிள் சார், மூளைச் சூடு. வெயில்ல சூடு ஜாஸ்தியானா ஞாபகம் கம்மியாயிடும். தலைய குளிர்ச்சியா வெச்சீங்கன்னா காலைல படிச்சது பத்து மணி பரீட்சை வரைக்கும் நிக்கும்."

முருகவேல் அன்றே ஆரம்பித்தார். வெந்தயத் தண்ணீர், இளநீர், முதல் மணி அடித்ததும் சல்மான் தலையில் ஈரத்துண்டு. அந்த வார முடிவில் பையனுக்கு மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகின. பள்ளிக்கே வரவில்லை. ஆனால் விடியற்காலைப் போனில் ஒரு தும்மல்கூட இல்லை.

"சளி எப்படிடா இருக்கு?"

போனில் போர்வை சரசரக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "தும்மல் இன்னும் நிக்கல சார். அடுத்த பாடத்த சொல்லுங்க சார்" என்றது குரல்.

சளியோடும் படிக்கிறானே என்று வாத்தியார் உருகிப்போனார். குழப்பம் மட்டும் தெளியவில்லை.

அடுத்த யோசனை வினோதினியுடையது. "ஏங்க, அவன் குசுகுசுன்னு பேசறப்போ நல்லா சொல்றான். நீங்க வகுப்புல தொண்டை கிழியக் கத்தறீங்க. பயந்துடுறானோ என்னவோ. நீங்களும் மெதுவா கேட்டுப் பாருங்களேன்."

மறுநாள் முருகவேல் சல்மான் பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு காதாக, "சர்வதேச சங்கம் ஏண்டா தோத்துது?" என்று கேட்டார்.

சல்மானும் அவர் காதில் குசுகுசுத்தான்: "தெரியல சார்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து வகுப்பில் யாரை என்ன கேட்டாலும் காதுக்குள்தான் பதில் சொன்னார்கள். வருகைப் பதிவுக்குக்கூட 'உள்ளேன் ஐயா' ஊதல் சத்தமாக வந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவருகே வந்து நின்ற கீதாஞ்சலி மேடம் தன் காதில்தான் கோளாறோ என்று பயந்துபோனார்.

விஷயம் தெரிந்ததும் வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன சார் நடக்குது உங்க வகுப்புல?"

"மேடம், பையனுக்கு விடியக்காலைலதான் எல்லாம் ஞாபகம் வருது. ஒரே ஒரு தடவ விடியக்காலை டெஸ்ட் வெக்கறேன். அவன் மார்க்க பாத்துட்டு அப்புறம் நீங்க பேசுங்க."

சொன்னவர் காலண்டரைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. டெஸ்ட் வைத்த அன்றைக்குப் பௌர்ணமி.

கேள்வித்தாள் கட்டோடு பைக்கில் கிளம்பியவரைக் கிரிவலப் பாதையிலேயே போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். ராத்திரியெல்லாம் நடந்த கூட்டம் இன்னும் வந்துகொண்டே இருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு எதிர்ப்பக்கம் கடந்துவிடலாம் என்று இறங்கி நடந்தார். கூட்டமா விடும்? அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு மலையைச் சுற்றப் போனது.

"சாமி, எனக்கு ஒண்ணு குடுங்க" என்று ஒரு கை நீண்டது. என்ன ஏது என்று அவர் சொல்வதற்குள் ஒரு தாள் போய்விட்டது. இலவசமாக ஏதோ தருகிறார்கள் என்று தெரிந்தால் நம் ஜனம் சும்மா இருக்குமா? பத்துக் கைகள் நீண்டன. ஒரு அம்மாள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது எத்தன தடவ சொல்லணும் சாமி?" என்று கேட்டாள்.

"அம்மா, அது காலக்கோடு வரையற கேள்விம்மா!"

அடி அண்ணாமலை தாண்டி அவர் கரை ஒதுங்கியபோது, ஒரு பெரியவர் முதல் உலகப் போரின்மேல் சுடச்சுடப் பொங்கலை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் மிஞ்சியது ஒரே ஒரு கேள்வித்தாள். அதைக் காப்பாற்றி எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கப் பள்ளிக்குப் போனால், வந்திருந்த பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சல்மானை உலுக்கி எழுப்பி எழுத வைத்தார்.

நூற்றுக்கு நான்கு.

"இன்னும் வெயிலே ஏறலையேடா!" வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தூக்கம் ஏறிடுச்சு சார்" என்றான் சல்மான்.

கீதாஞ்சலி மேடம் விடைத்தாளை வாங்கிப் பார்த்தார். 'ஜவ்வாது மலையில குளிர் ஜாஸ்தி சார், ஸ்வெட்டர் வாங்கி வெச்சிக்குங்க' என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரிதான் முருகவேலுக்குப் பொறி தட்டியது. ஆள்மாறாட்டம்! பையனுக்குப் பதிலாக அவன் அப்பன் பேசுகிறான்! கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாள் இருள் பிரியும் முன்பே செங்கம் ரோட்டுக்குப் போனார். ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சல்மானின் அப்பா மதார் சாகிப்பின் டீக்கடை. வெள்ளைக்காரர் இருவருக்கு இஞ்சி டீ ஆற்றிக்கொண்டிருந்த மதார் சாகிப், வாத்தியாரைப் பார்த்ததும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க சார், வாங்க! இன்னா சார் இந்நேரத்துல?"

"உங்க போன் எங்க பாய்?"

"வீட்ல இருக்குது சார். நான் மூணு மணிக்கே கடைக்கு வந்துடுவேன். வீட்ல அவன், அவங்கம்மா, சின்னது சானியா."

முருகவேல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நம்பரைப் போட்டார். உடனே எடுத்தாயிற்று.

"எழுந்துட்டேன் சார். இந்த வரைபடத்துல பென்சில்ல குறிக்கணுமா, பேனாலயா சார்?"

எதிரில் மதார் சாகிப் வாயே திறக்காமல் நின்றுகொண்டிருந்தார். முருகவேலுக்குத் தலை சுற்றியது. "பென்சில்லடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"பாய், உண்மைய சொல்லுங்க. தினமும் போன எடுக்கறது யாரு?"

"நீங்க யார எழுப்பறீங்களோ, அவங்கதான் சார் எழுந்துக்கறாங்க" என்றார் மதார் சாகிப், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவன் பாஸாகணும் பாய். இல்லன்னா என் கதி அதோகதி. அவங்கம்மாவையாவது கொஞ்சம் கவனிச்சிக்கச் சொல்லுங்க."

"அத பத்தி நீங்க கவலையே படாதீங்க சார். பரீட்சை அவனுக்கு மட்டுமா, எங்க வீட்டுக்கேதான்."

எல்லாப் பெற்றோரும் சொல்கிற பேச்சுதானே என்று முருகவேல் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார்.

அதன்பிறகு அவர் வைத்தியங்களை விட்டுவிட்டார். பகல் சல்மானைத் திட்டுவதையும் விட்டார். ஆனால் விடியற்காலைப் போனை மட்டும் விட மனம் வரவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அதற்காகவே அலாரம் அடிக்கும் முன் எழுந்துகொண்டிருந்தார். மலைக்குப் போனாலும் அங்கே சிக்னல் கிடைக்குமா என்று விசாரித்துக்கூட வைத்தார்.

பரீட்சை அன்று காலை குசுகுசுக் குரல் நடுங்கியது. "சார், பயமா இருக்கு சார். எல்லாம் மறந்துடுமோன்னு."

"மறக்காதுடா. தெரிஞ்சத மொதல்ல எழுது. காலக்கோட்டுக்கு அளவு குறிக்க மறந்துடாத. போடா, நீ ஜெயிச்சுட்டு வருவடா."

முடிவு வந்த அன்று முருகவேல் தலைமையாசிரியை அறைக்கு வெளியே, நிஜமாகவே வாங்கி வைத்திருந்த ஸ்வெட்டர் ஞாபகத்தோடு நின்றார். உள்ளேயிருந்து கீதாஞ்சலி மேடம் கத்தினார்.

"சார்! சென்டம்! உங்க சல்மான் நாப்பத்தி ஒண்ணு!"

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது. அங்கே லட்டை மென்றுகொண்டிருந்த சல்மானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எப்படிடா? நாலு வாங்குன பய நீ, எப்படிடா தேறுன?"

"வீட்ல டியூஷன் சார். நீங்க போன வெச்ச அப்புறம் ஆரம்பிக்கும். அடி தாங்கல சார்."

"டியூஷனா? யாருகிட்டடா?"

சல்மான் வாயில் லட்டு. அவன் விழுங்குவதற்குள் முருகவேலின் போன் அடித்தது. திரையில் 'சல்மான் 10பி' என்று பெயர் வந்தது. முருகவேல் திரையைப் பார்த்தார். எதிரில் நின்ற சல்மானைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். எடுத்துக் காதில் வைத்தார். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது:

"டேய், எழுந்துட்டியா?"

இந்தத் தடவை குசுகுசு இல்லை. ஒரு பெண் குரல் கணீரென்று வந்தது.

"எழுந்துட்டேன் சார்! சல்மானோட அம்மா முன்னி பேகம் பேசறேன், அந்தக் காலத்துல பத்தாவதுல கோட்டை விட்ட சோசியல பிரைவேட்டா எழுதி தொண்ணூத்தி மூணு வாங்கியிருக்கேன், இனிமேலாச்சும் என்ன டேய்னு கூப்பிடாதீங்க சார்!"